ரயில் நிலையத்துக்கு நடை, சைக்கிள் பாலம்: படிக்கட்டும் லிஃப்டும் போதுமா, நீண்ட சாய்தளம் வேண்டுமா?

கீழ்த்தெரு_வாசி:
வணக்கம். சியாட்டில் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டு மாடியில் நின்றால் லைட் ரயில் நிலையத்தின் கூரை தெரியும், ஆனால் நடுவே ஃப்ரீவே ஓடுவதால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சுற்றுவழியில், ஃப்ரீவேயில் ஏறப் போகும் வண்டிகள் வளைவிலேயே வேகம் பிடிக்கிற இடத்தில் நடைபாதை ஒரு ஆள் அகலத்துக்குக் குறுகிவிடுகிறது, பையனைப் பின்சீட்டில் உட்காரவைத்து சைக்கிளில் அதைக் கடக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது பாலம் கட்டுவது பற்றி நகராட்சி கருத்துக் கேட்கிறது. யோசனைகள் இரண்டு. இரு பக்கமும் படிக்கட்டும் லிஃப்டும் வைப்பது, செலவு குறைவு. இல்லையென்றால் முழுக்கச் சாய்தளம், நீளம் அதிகம், செலவும் அதிகம். தெருவில் பலர் முதலாவதே போதும் என்கிறார்கள். இப்படி ஒரு பாலத்தைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள், எதைக் கேட்டு எழுதட்டும்?

நார்த்கேட்_நடையன்:
சாய்தளம்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் சியாட்டிலின் நார்த்கேட் பகுதியில், லைட் ரயில் நிலையத்துக்குப் போகும் ஜான் லூயிஸ் நினைவு நடை, சைக்கிள் பாலத்தின் மேற்குப் பக்கம் இருப்பவன். ஐ-5 ஃப்ரீவேக்கு மேலே போகிறது, ஏறத்தாழ 1,900 அடி நீளம், செலவு சுமார் 5.6 கோடி டாலர். "ரோட்டைத் தாண்ட இவ்வளவு நீளமா?" என்று அப்போதும் கேட்டார்கள். கணக்கைப் பாருங்கள்: கீழே லாரி இடிக்காமல் போக 16, 17 அடி இடைவெளி வேண்டும், அதற்கு மேல் பாலத்தின் கனம், ஆக 20 அடியாவது ஏறியாக வேண்டும். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் 20 அடி ஏற 400 அடி ஓட்டம் தேவை, அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். நீளம் அதனால் வருவது, ஆடம்பரத்தால் அல்ல.

பாலம் வருமுன் நார்த் சியாட்டில் கல்லூரியிலிருந்து எதிரே தெரியும் நிலையத்துக்குப் போக வடக்கே நார்த்கேட் வே, இல்லாவிட்டால் தெற்கே 92ஆம் தெரு என்று ஒரு மைலுக்கும் மேல் சுற்ற வேண்டும். 2021 அக்டோபர் 2, ரயில் ஓடத் தொடங்கிய அன்றே பாலமும் திறந்தது. இது மிக முக்கியம், ஏனென்றால் முதல் நாளிலேயே காரை எடுக்காமல் பழகிவிட்டோம். பாலத்தின் கிழக்கு முனை நேராக நிலையத்தின் இடைத்தளத்தில் போய்ச் சேர்கிறது, ரோட்டில் இறங்கி சிக்னலுக்குக் காத்து மறுபடி ஏற வேண்டியதில்லை. உங்கள் வரைபடத்தில் பாலம் எங்கே போய் இறங்குகிறது என்பதையும் பாருங்கள். நிலையத்துக்கு எதிர்ப்பக்க ரோட்டில் இறக்கிவிட்டால் பாதி பயன் போச்சு.

உத்ரெக்ட்_செல்வி:
சைக்கிள் நாடு என்று பேர் வாங்கிய நெதர்லாந்திலேயே நீங்கள் சொல்லும் முதல் யோசனைக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. உத்ரெக்ட் மத்திய நிலையத் தண்டவாளங்களுக்கு மேலே மோரெல்சே பாலம், 2016 கடைசியில் திறந்தது. மேலே மரங்களெல்லாம் நட்டு அழகாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் ஏறுவதற்குப் படிக்கட்டு, அதன் ஓரத்தில் சைக்கிள் சக்கரத்தை வைத்துத் தள்ள ஒரு தடம், கூடவே லிஃப்ட். வெறும் சைக்கிள் என்றால் சமாளிக்கலாம். பின்னால் குழந்தை, ஹேண்டில்பாரில் காய்கறிப் பை என்று ஆனதும் முன்சக்கரம் தடத்தை விட்டு நழுவும், பெடல் கணுக்காலில் இடிக்கும், இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாக வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டும். மின்சார சைக்கிள் 25 கிலோ இருக்கும், அதை என் அம்மா வயதுக்காரர் தள்ளவே முடியாது. லிஃப்டில் நீளமான வண்டி நுழையுமா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மாம்பலம்_மகள்:
லிஃப்டை மட்டும் நம்பாதீர்கள் என்று நானும் சொல்வேன். சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது, 570 மீட்டர். ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் பெட்டியோடு நடக்க முடிகிறதே, அதுவே எங்களுக்குப் பெரிய விடுதலை. லிஃப்ட், நகரும் படி எல்லாம் உண்டு. ஆனால் அது நடப்பவர்களுக்காகவே கட்டியது. சைக்கிளும் வேண்டும் என்றால் முதல் நாளே வரைபடத்தில் அது இருக்க வேண்டும் அக்கா, கட்டி முடித்த பிறகு சாய்தளம் ஒட்டவைக்க இடமே கிடைக்காது.

கீழ்த்தெரு_வாசி:
நன்றி எல்லோருக்கும். இன்னொன்று. சாய்தளம் போட்டாலும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் போட்டால் நீளம் குறையும், சட்டமும் அனுமதிக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். சரிதானா?

நார்த்கேட்_நடையன்:
சட்டம் அனுமதிக்கிறது, சரிதான். ஆனால் அந்தச் சரிவில் 30 அங்குலம் ஏறியதும் ஒரு சமதளம் வைத்தாக வேண்டும், அதாவது முப்பது அடிக்கு ஒன்று. சக்கர நாற்காலியில் கையால் உந்திப் போகிறவருக்கு அது ஓயாத ஏற்றம், எதிரே இறங்கும் சைக்கிளோ வேகம் பிடித்து வரும். இருபதுக்கு ஒன்றையே கேளுங்கள், அகலத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

எழுதுமுன் ஒரு சனிக்கிழமை பையனோடு ரெட்மண்ட் டெக்னாலஜி நிலையத்துக்குப் போய் 520 ஃப்ரீவேக்கு மேலே உள்ள பாலத்தில் ஏறிப் பாருங்கள். பிறகு நார்த்கேட்டுக்கும் வாருங்கள். உங்கள் நகராட்சிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, நானும் வருகிறேன். பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள்: எங்கள் பாலத்துக்கு சியாட்டில் நகரமும், லைட் ரயிலை நடத்தும் சவுண்ட் டிரான்சிட் அமைப்பும் சேர்ந்து பணம் போட்டன, நகரத்தின் பங்கில் ஒரு பகுதி 2015இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 93 கோடி டாலர் போக்குவரத்து வரியிலிருந்து வந்தது. முழுச் சுமையும் உங்கள் ஊர் தலையில்தான் விழும் என்றில்லை.