லாங்ஹார்ன் 4074: டூல்ஸ் போட்டதும் தேதி தாவி 0x98 நீலத்திரை

லாங்ஹார்ன் (விண்டோஸ் விஸ்டாவின் முன்னோட்டப் பதிப்பு) பில்ட் 4074, அதாவது 2004 மே மாதம் சியாட்டிலில் மைக்ரோசாஃப்டின் வின்ஹெக் வன்பொருள் மாநாட்டில் கொடுத்தது. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் மெய்நிகர் கணினி, 1 ஜிபி ரேம், ஐடிஇ டிஸ்க், ஒரே கோர், நெட்வொர்க் கார்டு கிடையாது. காலக்கெடு பூட்டுக்காக (சோதனைக் காலம் முடிந்தால் பில்ட் இயங்காது) விஎம்எக்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் தொடக்கக் கடிகாரத்தை, அதாவது ஆர்டிசி ஸ்டார்ட்டைமை, 1083000000 (2004 ஏப்ரல் 26) என வைத்தேன். நிறுவல் சுத்தமாக முடிகிறது. எத்தனை முறை ரீபூட் செய்தாலும் தேதி நகர்வதில்லை.

டிஸ்ப்ளே டிரைவருக்காக விஎம்வேர் டூல்ஸ் (டிரைவர்களும் துணை சர்வீஸும் அடங்கிய தொகுப்பு) போட்ட பிறகுதான் வினை. ஸ்னாப்ஷாட்டுக்கு (சேமித்து வைத்த பழைய நிலைக்கு) திரும்பினால் கடிகாரம் இன்றைய தேதிக்குத் தாவுகிறது, கொஞ்ச நேரத்தில் 0x98, அதாவது சோதனைக் காலம் முடிந்தது என்ற நீலத்திரை. எக்ஸ்ப்ளோரர் மெமரியைத் தின்பது இந்த பில்டின் பிறவிக்குணம், அதை விட்டுவிடுங்கள்.

செய்து பார்த்தவை: டூல்ஸ் டைம்சிங்க் ஆஃப், டைம் சிங்க்ரனைஸில் கன்டினியூ, ரீஸ்டோர், ரெஸ்யூம் டிஸ்க், ஷ்ரிங்க், டூல்ஸ் ஸ்டார்ட்டப் எல்லாம் 0. ஸ்னாப்ஷாட்டோடு பழைய விஎம்எக்ஸும் திரும்பி வந்துவிடும் என்பதால், இவற்றைச் சேர்த்தபின் புதிதாகவே எடுத்தேன். விண்டோஸின் நேர ஒத்திசைவுக்கான டபிள்யூ32டைம் சர்வீஸும் நிறுத்தியாயிற்று. டூல்ஸை நீக்கினால் தேதி நிற்கிறது, ஆனால் திரை 800×600 தாண்டாது.

டூல்ஸ் சர்வீஸ் இல்லாமல், எஸ்விஜிஏ (டிஸ்ப்ளே) டிரைவரை மட்டும் டிவைஸ் மேனேஜர் வழியாக 4074இல் ஏற்றியவர்கள் எந்த டூல்ஸ் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள்?