சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் வைஃபை அறுந்துகொண்டே இருக்கிறது, உதவுங்கள் (அவசரம்)

பொங்கோல்வாசி (காலை 8:52)
வேலைக்குப் போகும்போது ரயிலில் வைஃபை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஊரில் இருக்கும் அம்மாவுடன் முகம் பார்த்துப் பேச எனக்கு வாய்ப்பது அந்த அரைமணி நேரந்தான். "சாப்பிட்டாயா" என்று வாயைத் திறப்பார், திறந்த வாயோடு படம் உறைந்துவிடும். இரண்டு வாரமாக இதே பாடு. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நாளைக் காலை அவருடைய கண் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

கோப்பிக்கடை (9:03)
எந்தப் பாதை? எந்தக் கைபேசி? "எல்லாம்" என்றால் என்னென்ன?

ஈசூன்12 (9:07)
கைபேசி பழசாக இருக்கும். 3ஜி சேவையை 2024-இல் நிறுத்திவிட்டார்கள். என் மாமனாரின் கைபேசி அன்றிலிருந்து அலாரம் அடிக்க மட்டுந்தான் பயன்படுகிறது. உங்களுடையதும் அதே கதைதான், பந்தயம் கட்டுகிறேன்.

கோப்பிக்கடை (9:09)
3ஜி போனதற்கும் வைஃபைக்கும் என்ன தொடர்பு?

ஈசூன்12 (9:10)
இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்.

கம்பிவடம் (மூத்த உறுப்பினர், 9:31)
இந்தக் கேள்விக்கு எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. நம் எம்ஆர்டி பெட்டிகளுக்குள் பயணிகளுக்கென்று அருகலை கிடையாது. 2006-இல் தொடங்கிய வயர்லெஸ் அட் எஸ்ஜி என்ற இலவசப் பொது அருகலை நிலையங்களில் கிடைக்கும், அவ்வளவுதான். சுரங்கத்துக்குள் நீங்கள் பேசுவது கைபேசி நிறுவனத்தின் இணையத்தில். சுரங்கச் சுவரோரம் நீளமாக ஒரு கம்பிவடம் ஓடும். அதன் உறையில் வேண்டுமென்றே வரிசையாகத் துளை விட்டிருப்பார்கள். அலை அதன் வழியே கசிந்து சன்னல் கண்ணாடி வழியாக உங்களிடம் வரும். இல்லாத ஒன்றுக்குப் பழுது பார்க்கச் சொன்னால் என்ன செய்வது?

தேக்காபக்கம் (9:40)
அருகலையா? பக்கத்து வீட்டு வைஃபையோ என்று நினைத்தேன்.

கம்பிவடம் (9:44)
அருகில் எட்டும் அலை, அருகலை. தமிழில் சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

தேக்காபக்கம் (9:46)
எம்ஆர்டிக்குத் தமிழ் எங்கே போயிற்று ஐயா?

ஊட்ரம் (9:58)
இந்தியாவிலேயே இலவச வைஃபை கொடுக்கிறார்கள், இங்கே ரயிலுக்குள் ஏன் இல்லை தெரியுமா? ரயில்களின் சமிக்ஞை குழம்பிவிடும். 2016-இல் எம்ஆர்டியின் வட்டப்பாதை ரயில்கள் திடீர் திடீரென்று நின்றது நினைவில்லையா? கைபேசி அலை மேல் சந்தேகப்பட்டு, சில இடங்களில் அந்தச் சேவையை நிறுத்திக்கூடப் பார்த்தார்கள்.

நடைமேடை (10:15)
அண்ணன் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. கோளாறு நடந்த நேரத்தையும் இடத்தையும் தரவு ஆய்வாளர்கள் புள்ளிகளாக வரைந்தபோது, புள்ளிகள் சாய்கோடுகளாக விழுந்தன. அப்படியென்றால் கோளாறே ஊர்ந்து போகிறது! எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த பிவி46 என்ற ரயில், தன்னைக் கடக்கும் ரயில்களை எல்லாம் நிறுத்தியிருக்கிறது. பழுது அதன் சமிக்ஞைக் கருவியில். பயணியின் கைபேசி பாவம். இந்தியாவில் 2016-இல் மும்பை சென்ட்ரலில் தொடங்கியதும் நிலையத்தில்தான், ஓடும் பெட்டியில் இல்லை.

ஊட்ரம் (10:19)
அலை குறுக்கிட்டது உண்மைதானே? அதைத்தான் நானும் சொன்னேன்.

கோப்பிக்கடை (10:22)
கேள்வி கேட்டவர் எங்கே?

பொங்கோல்வாசி (பிற்பகல் 1:05)
மன்னிக்கவும், கூட்டத்தில் இருந்தேன். வடகிழக்குப் பாதை, பொங்கோலிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை. ஆண்ட்ராய்டு. சுரங்கத்தின் நடுவில் படம் தெளிவாகத்தான் இருக்கிறது. நிலையத்தில் கதவு மூடி ரயில் கிளம்பியதும் பத்துப் பதினைந்து விநாடி உறைகிறது, பிறகு தானாக வருகிறது. பஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

நடைமேடை (1:12)
இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே! உறையும்போது மேலே வைஃபை குறி தெரிகிறதா? இரண்டு வாரத்துக்கு முன் கைபேசியில் என்ன மாற்றினீர்கள்?

பொங்கோல்வாசி (1:20)
தெரிகிறது, ஒற்றைக் கோடு. மாற்றியது ஒன்றுமில்லை, கைபேசியே புதிது. கடைக்காரத் தம்பி எல்லா இடத்திலும் இலவச வைஃபை கிடைக்கும்படி செய்து தந்தார்.

நடைமேடை (1:34)
தம்பி நல்லதுதான் செய்தார். வினையும் அதுதான். அவர் இணைத்தது அதே இலவச வைஃபையின் இன்னொரு பெயரான வயர்லெஸ் அட் எஸ்ஜிஎக்ஸ். கடவுச்சொல் கேட்காது, சிம் அட்டையே உங்களை அடையாளம் காட்டிவிடும். நீங்கள் கைபேசி இணையத்தில் பேசிக்கொண்டு வருகிறீர்கள். கதவு திறந்ததும் கைபேசி நடைமேடை வைஃபைக்குத் தாவுகிறது. ரயில் வேகமெடுத்தால் விநாடிக்கு 20 மீட்டர் போகும். வைஃபையோ சில பத்து மீட்டர்தான் எட்டும். கைபேசி அந்த ஒற்றைக் கோட்டை விடாமல் பிடித்துத் தொங்குகிறது. அம்மாவின் வாய் திறந்தபடி நிற்பது அப்போதுதான். அலை முழுவதும் செத்த பிறகே பழைய இணையத்துக்குத் திரும்புகிறது. வழியெல்லாம் இதே கூத்து.

வைஃபை அமைப்பில் அந்தப் பெயரைத் தொட்டு, தானாக இணைவதை அணையுங்கள். வைஃபையை மொத்தமாக அணைத்தால் சில கைபேசிகள் தெரிந்த வைஃபை பக்கத்தில் வந்ததும் தாமே திறந்துகொள்ளும், அதனால் பெயரிலேயே அணைப்பது நல்லது. பேச்சு முழுவதும் உங்கள் டேட்டாவில்தான் போகும், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிவடம் (1:50)
பெட்டிக்குள் அருகலை இல்லை என்று நான் 9:31-க்கே சொல்லிவிட்டேன்.

ஈசூன்12 (1:52)
கைபேசி புதிது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பந்தயமே கட்டியிருக்க மாட்டேன்.

பொங்கோல்வாசி (மறுநாள் காலை 8:49)
சரியாகிவிட்டது. ஒரு முறைகூட அறுபடவில்லை. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. நன்றி.

சிராங்கூனில் ஏறுபவன் (8:58)
தெரியும். இடது கண், பெரிய மாமா கூடப் போகிறார். நாளையிலிருந்து இயர்ஃபோன் போட்டுக்கொண்டு பேசுங்கள் அக்கா. அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.