சொல்லாமல் வேலைக்கு வராதவர், திருத்திய எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று): அடுத்து என்ன செய்வது?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் ரொம்ப நாளாக என்னிடம் வேலை செய்கிறார். நல்ல உழைப்பாளி. இப்போது சம்பளம் வாங்கிய மறுநாளே ஆளைக் காணோம், போனும் எடுப்பதில்லை. போன தடவை கொடுத்த எம்சியில் முடியும் தேதி 3-ஐ 8 ஆக்கியிருக்கிறார். பேனா மையின் நிறமே வேறு. கிளினிக்கில் கேட்டேன், ஒரு நாள்தான் கொடுத்தார்களாம். வராததைவிட இந்தப் பொய்தான் எனக்கு வலிக்கிறது.

1955 வேலைச் சட்டம் 15(2) பிரிவுப்படி, தக்க காரணமோ தகவலோ இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதலாம். ஆனால் தவறான நடத்தைக்காக நிறுத்துவதென்றால் 14வது பிரிவு முறையான விசாரணை கேட்கிறது. நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடவும் செய்யலாம். அவசரப்பட எனக்கு மனமில்லை. வீட்டில் அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றும் கேள்வி.

மொத்தம் நாலே பேர் உள்ள கடையில் விசாரணைக்கு யாரை உட்கார வைப்பது? விளக்கம் கேட்கும் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா, பதிவுத் தபாலும் வேண்டுமா? மலாயில் மாதிரிக் கடிதம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.