சுக்கானில் இறங்கிய நீர்: துளையிட்டு உலர்த்தினால் போதுமா?

கேள்வி:
வணக்கம். 1982-இல் கட்டப்பட்ட எனது 27 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகைக் கரையேற்றி பத்து நாள்களாகியும், சுக்கானின் அடிமுனையிலிருந்து துருநிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால், மேற்பகுதி கணீரென்றும் நடுப்பகுதி பொத்தென்றும் ஒலிக்கின்றன. துளையிட்டு உலர்த்தி, எப்பாக்ஸி செலுத்தினால் போதுமா?

பதில் 1:
நண்பரே, தெளிந்த நீராக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். துருநிறம்தான் கவலை தருகிறது. இத்தகைய சுக்கான்களில் பொதுவாக, சுக்கானைத் திருப்பும் உலோகத் தண்டோடு பற்றவைத்த எஃகுத் தகடுகள், உள்ளே நிரப்பிய இறுகிய நுரைக்குள் புதைந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருந்தாலும், ஆக்சிஜன் எட்டாத தேங்கிய உப்புநீரில் அதன் காப்புப் படலம் சிதைந்து, பற்றவைப்பு அரிக்கப்படும். அது நடுக்கடலில் விட்டுப்போனால் தண்டு மட்டும் சுழலும், சுக்கான் திரும்பாது. ஆகவே ஒரு பக்கத் தோலை (வெளி ஃபைபர்கிளாஸ் ஓட்டை) வெட்டியெடுத்து, பற்றவைப்பைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஈர நுரையை முழுவதும் சுரண்டியெடுத்து, புதிய நுரையைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் உப்பித் தோலையே வளைத்துவிடும். மூடும்போது, விளிம்பை 12-க்கு 1 என்ற சரிவில் (தோலின் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்கு) தேய்த்து, கண்ணாடியிழைத் துணியை எப்பாக்ஸியில் படியுங்கள். தண்டு நுழையும் வாயில் சிறு பள்ளம் வெட்டி, நெகிழும் பாலியூரித்தேன் பசையால் அடைக்கத் தவறாதீர்கள். உலோகமும் ஃபைபரும் வெவ்வேறு அளவில் விரிவதால் நீர் முதலில் புகுவது அங்கேதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நாளையே வெட்டிப் பார்க்கிறேன்.