ஆறு மாதம் நின்ற கார்: உங்களுக்கு என்ன நேர்ந்தது? வாசகர்கள் எழுதுகிறார்கள்

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஜூன் மாதம் அமெரிக்கா போனோம். திரும்பும்போது டிசம்பர் பாதி கழிந்திருந்தது. கார் சென்னையில், எங்கள் குடியிருப்பின் திறந்தவெளியில் நின்றது. கிளம்பும் நாள் மாலை அதைக் கழுவினேன், ஹேண்ட் பிரேக்கை இறுக்க இழுத்தேன், தண்ணீர் புகாத உறை வாங்கிப் போர்த்தினேன். மூன்றுமே வினையாக முடிந்தன.

அந்த உறை மழையை உள்ளே விடவில்லை. தரையிலிருந்து எழும் ஈரத்தை வெளியேயும் விடவில்லை. கதவைத் திறந்தால் ஸ்டீயரிங், சீட் பெல்ட் எங்கும் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை. பேட்டரி செத்திருந்தது. சாவியை எடுத்த பிறகும் கடிகாரமும் அலாரமும் கொஞ்சங்கொஞ்சமாக அதைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து எஞ்சினைக் கிளப்பினோம். வண்டி அசையவில்லை. ஈரம் காயாமல் ஹேண்ட் பிரேக் போட்டதில், பின்சக்கரங்களின் பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் சுத்தியலால் ஒவ்வொரு முறை தட்டும்போதும் எனக்குத்தான் வலித்தது.

அடுத்த பயணத்தில் திருந்திவிட்டேன். கழுவிய பின் பத்து கிலோமீட்டர் ஓட்டிக் காயவைத்தேன். முதல் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். ஹேண்ட் பிரேக்கைத் தொடவில்லை. டயரில் வழக்கத்தைவிட நான்கு பவுண்டு காற்று கூடுதல். பெட்ரோல் டேங்க் நிறைய. காலி இடம் இருந்தால் அங்கே ஈரக்காற்று தங்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக் கம்பியைக் கழற்றினேன். கூரையுள்ள இடம் வைத்திருந்த அண்டை வீட்டுக்காரரிடம் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டேன். மேலே வெறும் பருத்தித் துணி. செங்கல்லையும் கம்பியையும் நானே மறந்துவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டினேன். திரும்பி வந்த அன்று தூக்கக் கலக்கத்தில் அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

*

ஐயா, எங்கள் வீட்டுக் கதை வேறு. நான் துபாயில் இருந்தபோது, தஞ்சாவூரில் மாமனார் ஞாயிறு தவறாமல் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். பாசம்தான். ஆனால் கிளப்புவதற்குச் செலவான மின்சாரம் ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்பி வராது. சைலன்சரும் சூடேறாததால் உள்ளே சேர்ந்த நீர் ஆவியாகாமல் அங்கேயே தங்கி அரித்துவிட்டது. பேட்டரி, சைலன்சர் இரண்டுமே புதிதாக வாங்கினேன். அவரிடம் காரணம் சொல்ல மனம் வரவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியைத் தேடுகிறார்.

*

எலியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! யாரோ சொன்னார்கள் என்று பானட்டுக்குள் புகையிலையும் அந்துருண்டையும் கட்டித் தொங்கவிட்டுப் போனேன். மூன்று மாதம் கழித்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், பானட்டின் உட்புறப் பஞ்சைப் பிய்த்துக் கட்டிய கூடு. புகையிலை அந்தக் கூட்டுக்குள்தான் இருந்தது.