எட்டு வயது மகளுக்கு நான் எழுதும் கதை: பக்க அளவு பற்றி உதவி தேவை

மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. கதை சொன்னால் ஆசையாகக் கேட்பாள். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டி இரண்டு வரி, அப்புறம் மூடிவிடுவாள். கோடை விடுமுறையிலிருந்தே இப்படித்தான். கண் பரிசோதனை செய்தாயிற்று, பார்வையில் குறையில்லை.

கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அழைத்துப் போகிறேன். படம் பார்ப்பதோடு சரி. ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தின் முதல் நிலைக் கதைகளை (மிக எளியவை) வாசித்துவிடுகிறாள். இரண்டாம் நிலையில் நீளமான சொற்கள் வந்ததும் திணறுகிறாள். ஆளுக்கொரு பக்கமாக வாசித்தும் பார்த்தோம், அவள் முறை வந்தாலே சோர்ந்துபோகிறாள்.

விடியற்காலைகளில் ஒரு சிறார் நாவல் எழுதி வருகிறேன். என் நெடுநாள் கனவு அது. அதன் அத்தியாயங்களையே எளிமையாக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்க நினைக்கிறேன்.

இவள் தானாக வாசிக்க ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி வைக்கலாம்?