ஒரே எஸ்.எஸ்.டி.யை விண்டோஸ், மேக், கைப்பேசி மூன்றிலும் பயன்படுத்த என்ன வழி?

லயத்துப் பிள்ளை (சுங்கை சிப்புட்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து லய வீடுகளை உடைப்பதற்கு முன் எடுத்த படங்களும், அங்கே பால்மரம் வெட்டிய பாட்டிமார்களைப் பேச வைத்துப் பதிவு செய்த காணொளிகளும் குடும்பத்தில் நாலைந்து பேரின் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பதற்காகச் சென்ற மாதம் ஈப்போவில் 1 டெராபைட் கொள்ளளவுள்ள கையடக்க எஸ்.எஸ்.டி. (தகவல் சேமிக்கும் கருவி) ஒன்றை வாங்கி, விண்டோஸ் மடிக்கணினியில் செருகி, என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்து, இதுவரை ஏறக்குறைய 380 கிகாபைட் ஏற்றிவிட்டேன்.

மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செருகினால், சாதனத்தைப் படிக்க இயலவில்லை, அமைப்பதற்குத் தொடவும் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டுமே வருகிறது. அக்காள் மகளின் மேக்புக்கில் கோப்புகள் திறக்கின்றன. புதிதாக எதையும் உள்ளே போட முடியவில்லை. கடைக்காரரோ, கணினியில் ஓடும் பொருளை மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். பெட்டியில் 1 டெராபைட் என்று அச்சிட்டிருக்க, திரையில் 931 கிகாபைட்தான் தெரிகிறது என்பதும் என் ஐயத்தைக் கூட்டுகிறது. பொருள் பழுதா, நான் செய்தது தவறா?

பட்டறைக்காரன் (தைப்பிங்) எழுதியது:

முதலில் ஒன்று: கைப்பேசியில் வரும் அந்த அறிவிப்பைத் தொட்டுவிடாதீர்கள். "அமைத்தல்" என்று அது சொல்வது ஃபார்மட் செய்வதைத்தான். ஏற்றி வைத்த 380 கிகாபைட்டும் ஒரே தொடுதலில் போய்விடும். இப்படித் தொட்டுவிட்டு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் எஸ்.எஸ்.டி.யில் பழுதில்லை. என்.டி.எஃப்.எஸ். என்பது கோப்புகளை அடுக்கி வைக்க விண்டோஸ் தன் தேவைக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு. மேக் அதைப் படிக்கும், ஆனால் தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றுக்கு அதைப் படிக்கவும் தெரியாது. மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்துவது எக்ஸ்ஃபேட் என்ற ஏற்பாடு. பழைய ஃபேட்32 இன்னும் பரவலாகப் படிக்கப்படும் என்றாலும், 4 கிகாபைட்டை எட்டும் ஒரு தனிக் கோப்பை அது ஏற்காது என்பதால், பாட்டிமார்களின் நீண்ட காணொளிகள் பாதி வழியில் நின்றுவிடும்.

எனவே உள்ளே இருப்பதை முழுவதும் வேறொரு வன்தட்டுக்கு நகலெடுத்து, நாலைந்து காணொளிகளையாவது அங்கே திறந்து சரிபார்த்த பிறகு, எஸ்.எஸ்.டி.யை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். அதை விண்டோஸிலேயே செய்வது நல்லது என்பது என் பட்டறிவு. 931 கணக்கு வேறொன்றுமில்லை: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது.

செம்பனைக்காடு (பீடோர்) எழுதியது:

பட்டறைக்கார அண்ணன் சொன்னதை ஒப்புக்கொண்டு, எக்ஸ்ஃபேட்டின் பலவீனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எழுதும் வேலை நடுவில் அறுந்தால் மீட்டுக்கொள்ள என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஒரு நாட்குறிப்பு ஏற்பாடு உண்டு. எக்ஸ்ஃபேட்டில் அது கிடையாது. எங்கள் பக்கம் மாலை மூன்று மணிக்கு மேல் இடி இறங்காத நாள் குறைவு. அப்படி ஒரு மாலையில், மேசைக் கணினியிலிருந்து நான் நகலெடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், தங்கை திருமணத்துப் படக் கோப்புறை ஒன்று, பெயர் மட்டும் இருக்க, உள்ளே வெறுமையாகிவிட்டது. மூலப் படங்கள் கணினியில் இருந்ததால் பிழைத்தேன். மின்கலம் உள்ள மடிக்கணினியிலேயே நகலெடுங்கள். பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பிறகே கம்பியைப் பிடுங்குங்கள்.

இன்னொன்று, சில கைப்பேசிகளில், வெளிக் கருவிகளைச் செருகிப் பயன்படுத்த உதவும் ஓ.டி.ஜி. என்ற இணைப்பை அமைப்புகளுக்குள் சென்று நாமே இயக்க வேண்டும். சற்று நேரம் சும்மா இருந்தால் அது தானாகவே அணைந்தும் விடும்.

லயத்துப் பிள்ளை மீண்டும் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடியே எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டேன். இப்போது கைப்பேசியும் மேக்கும் படிக்கின்றன, எழுதவும் செய்கின்றன. ஆனால் இரண்டு புதிய குழப்பங்கள். மேக்கில் போட்டு எடுத்த பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சிறு கோப்பு ஒன்று விண்டோஸில் தென்படுகிறது, இது வைரஸா? அக்காள் மகளின் ஐபோன் 15-இலிருந்து நகலெடுப்பதும் மிக மெதுவாக இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யின் பெட்டியிலோ விநாடிக்கு 10 கிகாபிட் என்று போட்டிருக்கிறது.

பட்டறைக்காரன் எழுதியது:

வைரஸ் இல்லை தம்பி. கோப்பைப் பற்றிய கூடுதல் விவரங்களை மேக் அப்படித் தனியே எழுதி வைக்கும். படங்களையும் காணொளிகளையும் பொறுத்தவரை அவற்றை அழித்தாலும் நட்டமில்லை.

வேகத்துக்குக் காரணம் ஐபோன். 2023-இல் வந்த ஐபோன் 15-இல் டைப்-சி துளை இருந்தாலும், உள்ளே இருப்பது விநாடிக்கு 480 மெகாபிட் செல்லும் பழைய யூ.எஸ்.பி. 2 வேகம்தான், 15 வரிசையில் 10 கிகாபிட் வேகம் புரோ வகைகளுக்கு மட்டுமே. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நடைமுறையில் விநாடிக்கு 40 மெகாபைட் கிடைத்தால் 100 கிகாபைட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். புரோ வைத்திருப்பவர்களும், பெட்டியோடு வரும் வெள்ளைக் கம்பி யூ.எஸ்.பி. 2 வகை என்பதை அறியாமல் எஸ்.எஸ்.டி.யைக் குறை சொல்வார்கள். எஸ்.எஸ்.டி.யோடு வந்த குட்டைக் கம்பியைத் தொலைத்துவிடாதீர்கள்.

கிராணி வீடு (கோலகங்சார்) எழுதியது:

ஓய்வு பெற்றவன் என்பதால் இதை முழுவதும் படிக்க நேரம் கிடைத்தது. நம் ஆட்கள் விலையுள்ள பொருளை இரும்பு அலமாரியில் பூட்டி ஆண்டுக் கணக்கில் தொடாமல் வைப்பார்கள். தகரக் கூரையின் கீழ் அந்த அலமாரி எப்படிக் காயும் என்பது உங்களுக்கே தெரியும். எஸ்.எஸ்.டி. தகவலை மின்னூட்டமாகவே பிடித்து வைத்திருப்பதால், மின் இணைப்பில்லாமல் சூட்டில் கிடந்தால் அது மெல்லக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்த நிலையிலும், 30 பாகை வெப்பத்தில், இணைப்பின்றி ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே வீட்டுப் பயன்பாட்டு எஸ்.எஸ்.டி.க்கு ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பு வகுத்த அளவு. புதிய பொருள் அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பம் கூடும்போது செருகிப் பாருங்கள். நகலெடுத்த அந்தப் பழைய வன்தட்டை அழிக்காமல் அக்காள் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

லயத்துப் பிள்ளை எழுதியது:

வன்தட்டு இந்தச் சனிக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போகிறது, ஐயா. அங்கே இருப்பது ஓட்டுக் கூரை.